யூட்டா பாலைவனத்தில் டிரைலோபைட் எடுப்பது எப்படி

டிரைலோபைட், அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடல்பிராணி, கிடைக்குமா கிடைக்காதா என்ற கவலையை முதலில் விட்டுவிடுங்கள். சரியான இடத்துக்குப் போனால் கிடைக்கும், பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே. ஐம்பது கோடி ஆண்டுப் பழசு என்றால் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் போன முதல் நாளே அரை வாளி சேர்ந்துவிட்டது. கஷ்டமெல்லாம் அதற்கப்புறம்தான். அந்த அரை வாளியில் பாதி வீட்டுக்கு வந்து சேரும்போது தூளாகியிருந்தது, மீதியை எந்த இடத்தில் எந்த அடுக்கிலிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. அதனால் இதில் தேடுவதைப் பற்றிக் கொஞ்சமும், உடைக்காமல் எடுத்து ஊர் பேர் மறக்காமல் வீடு சேர்ப்பதைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன்.

நான் சொல்லும் இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மேற்குப் பாலைவனத்தில், ஹவுஸ் ரேஞ்ச் என்ற மலைத்தொடர். சால்ட் லேக் சிட்டியிலிருந்து தெற்கே டெல்டா என்ற சின்ன ஊருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அங்கிருந்து மேற்கே 6/50 நெடுஞ்சாலையில் 32 மைல், பிறகு வலது பக்கம் பிரியும் மண் சாலையில் 20 மைல். சாலையின் கடைசியில் வரும் சாம்பல் நிறப் பாறைக்கு வீலர் படிவம் என்று பெயர். சார்லஸ் வால்காட் என்ற புவியியலாளர் 1908-ல் வைத்த பெயர். அடுத்த வருஷம் கனடாவில் பர்ஜஸ் ஷேல் என்ற புதைபடிவப் பாறையைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றாரே, அதே வால்காட்தான்.

பாறையின் வயது சுமார் 50 கோடியே 70 லட்சம் ஆண்டு. அப்போது இது கடலடி. பக்கத்தில் ஆழம் குறைந்த சுண்ணாம்புத் திட்டு, அதன் ஓரத்தில் சரிந்து இறங்கும் ஆழமான பள்ளம், அந்தப் பள்ளத்தில் நுண்ணிய சேறு படிந்துகொண்டே இருந்திருக்கிறது. சேறு இறுகி ஷேல் ஆனது, அதாவது தகடு தகடாகப் பிரியும் களிப்பாறை.

டிரைலோபைட்டைப் பார்க்காதவர்களுக்கு: மரவட்டையைத் தட்டையாக்கி, முன்னால் ஒரு கவசத் தலையும் பின்னால் ஒரு கவச வாலும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. மரவட்டை மாதிரியே சுருண்டுகொள்ளவும் தெரியும். நடுவில் ஒரு மேடு, இரு பக்கமும் ஒவ்வொரு மடல், ஆக நீளவாக்கில் மூன்று பாகம், பெயருக்குக் காரணமும் அதுதான். 52 கோடி ஆண்டுக்கு முன் தோன்றி 25 கோடி ஆண்டுக்கு முன் பூண்டோடு போன இனம். அரியலூரில் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்காது. அரியலூர்க் கடல் கிரெட்டேசியஸ் காலத்தது, அது வந்தபோது டிரைலோபைட் அழிந்து பதினைந்து கோடி ஆண்டு ஆகியிருந்தது. அங்கே அமோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர் உண்டு, அது வேறு கதை.

ஹவுஸ் ரேஞ்சில் உங்கள் கையில் முதலில் சிக்கப்போவது எல்ரேத்தியா கிங்கி என்ற டிரைலோபைட் வகை. பத்தில் ஒன்பது இதுவாகத்தான் இருக்கும். கறுப்பாக, லேசான பளபளப்போடு, ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை, தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் தரையில் யாரோ புளியங்கொட்டையைக் கொட்டி வைத்த மாதிரி. இவ்வளவு ஏன் இங்கே என்றால், ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோன கடலடியின் விளிம்பில், மற்ற உயிர்கள் தங்க முடியாத இடத்தில், இது மட்டும் சமாளித்து வாழ்ந்திருக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் தரும் விளக்கம். சேற்றைக் கிளறும் பிராணிகள் இல்லை, செத்த உடல் அப்படியே கிடந்தது. அப்புறம் அதன் அடிப்பக்கத்தில் கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகம் வளர்ந்து தடித்துப் போனது. கடைசியாகச் சொன்ன இந்த விஷயத்தை மறக்காதீர்கள், சுத்தியல் பிடிக்கும்போது இதுதான் நமக்கு உதவப்போகிறது.

எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்பதைப் பார்த்துவிடலாம், சலிப்பான விஷயம்தான், ஆனால் தவிர்க்க முடியாது. முதல் தடவை போகிறவர்கள் பேசாமல் காசு கொடுத்துத் தோண்டும் குவாரிக்குப் போங்கள். யூ-டிக் ஃபாசில்ஸ் என்று 40 ஏக்கரில் ஒன்று இருக்கிறது. மணிக்கணக்கில் கட்டணம், சுத்தியலும் வாளியும் அவர்களே தருகிறார்கள், மேல்மண்ணை இயந்திரம் வைத்து நீக்கி நல்ல அடுக்கைத் திறந்து வைத்திருப்பார்கள், எடுத்ததெல்லாம் உங்களுக்கே. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, குளிர்காலத்திலும் மூடிவிடுவார்கள், அதனால் கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்துக் கல் உடைப்பதா என்று எனக்கும் முதலில் தோன்றியது, ஆனால் வெளியே நாள் முழுக்கத் தோண்டி நல்ல அடுக்கைத் தேடுவதற்கு ஆகும் முதுகுவலியைக் கணக்குப் போட்டால் இது மலிவு.

கை பழகின பிறகு அரசுப் பொது நிலத்துக்குப் போகலாம். பி.எல்.எம். என்று சொல்லப்படும் நிலமேலாண்மைப் பணியகத்தின் நிலத்தில், முதுகெலும்பில்லாத சாதாரண உயிர்களின் புதைபடிவங்களைச் சொந்த உபயோகத்துக்காக, அளவோடு, கைக்கருவி மட்டும் வைத்து எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டாம். 2009-ல் வந்த சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் எடுத்ததை விற்கக் கூடாது, பண்டமாற்றும் கூடாது. முதுகெலும்புள்ள பிராணி எதுவானாலும், ஒரு பல்லாக இருந்தாலும், தொடாதீர்கள். சிக்கல் என்னவென்றால் யூட்டாவில் பொது நிலத்துக்கு நடுவே மாநில அரசின் அறக்கட்டளை நிலம் கட்டம் கட்டமாக வருகிறது. டவுன்ஷிப் என்ற ஒவ்வொரு நில அளவைச் சதுரத்தையும் ஒரு சதுர மைல் கொண்ட 36 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள், அதில் 2, 16, 32, 36 ஆம் எண் கட்டங்கள் பெரும்பாலும் மாநிலத்தின் கையில், அங்கே எடுக்கத் தனி அனுமதி வேண்டும். தரையில் வேலி எதுவும் இருக்காது, பார்க்க எல்லாம் ஒரே பாலைவனம்தான். நில உரிமை காட்டும் வரைபடத்தை வீட்டிலேயே ஃபோனில் இறக்கிக்கொண்டு போங்கள், அங்கே சிக்னல் வராது. குத்தகைக்கு எடுத்து வணிகமாகத் தோண்டுபவர்களின் குழிகளும் உண்டு, ஆள் இல்லை என்பதற்காக இறங்காதீர்கள்.

இன்னொரு வகைப் பொருளும் உங்கள் கண்ணில் படலாம். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான பாவன்ட் யூட் மக்கள் டிரைலோபைட்டில் ஓட்டை போட்டுத் தாயத்தாக அணிந்திருக்கிறார்கள். டெல்டாவில் பத்திரிகை நடத்திய ஃபிராங்க் பெக்வித் ஒரு புதைகுழியில் அப்படி ஒன்றைக் கண்டு, அம்மக்களிடமே விசாரித்து எழுதி வைத்தார். கல் வீட்டுக்குள் வாழும் சின்ன நீர்ப்பூச்சி என்ற பொருளில் அவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்களாம். கடல் போய்விட்ட பாலைவனத்தில் நின்றுகொண்டு இது தண்ணீரில் வாழ்ந்தது என்று பார்த்தவுடன் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். துளையிட்ட டிரைலோபைட்டோ அம்பு முனையோ கண்டால் படம் மட்டும் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள், அது தொல்பொருள், அதற்குச் சட்டமே வேறு.

சரி, சாமான்கள். ஒரு பக்கம் சதுர முகமும் மறுபக்கம் தட்டை உளி வாயும் உள்ள சுத்தியல், கொத்தனார் செங்கல் உடைக்க வைத்திருப்பாரே அது போதும், கடைகளில் புவியியல் சுத்தியல் என்று விற்பதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கூர் முனை சுத்தியல் இதற்கு உதவாது, ஷேலைக் குத்திப் பொடியாக்கும். அகலமான மெல்லிய உளி இரண்டு, பெரிய பாளத்தை நெம்ப ஒரு சின்னக் கடப்பாரை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, இதில் சமரசமே கிடையாது, பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும். தடித்த கையுறை, ஏனென்றால் புதிதாகப் பிளந்த ஷேலின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று. டாய்லெட் பேப்பர் உருளை நாலைந்து, செய்தித்தாள், முட்டை அட்டைகள், அழியாத மார்க்கர் பேனா, ஒரு நோட்டு.

தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டராவது வையுங்கள். நிழல் என்ற பேச்சே இல்லை. டெல்டாவிலேயே பெட்ரோல் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், நெவாடா எல்லை வருமுன் வேறு எதையும் நம்ப முடியாது. மாற்று டயரில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் பார்க்கவில்லை. கூர்க்கல் ஒன்று பின் டயரைக் கிழித்து, மாற்று டயரும் சப்பையாக இருந்து, மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து வழியில் வந்த ஒரு புண்ணியவானின் பம்பால் ஊர் வந்து சேர்ந்தேன். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்த மண் சாலையில் போகாதீர்கள், களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி தன் இஷ்டத்துக்கு வழுக்கும். வசந்தமும் இலையுதிர் காலமும்தான் நல்ல பருவம். பாளத்துக்கு அடியில் கையை விடுமுன் கம்பியால் புரட்டிப் பாருங்கள், கிலுகிலுப்பைப் பாம்பு உள்ள ஊர்.

இனி கல் உடைப்பது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான், பாளத்தைத் தரையில் படுக்க வைத்து அதன் முகத்தில் ஓங்கி அடிப்பது. உள்ளே இருப்பது நாலாகப் பிளக்கும். நானும் ஒரு காலை முழுக்க அப்படித்தான் செய்தேன், பக்கத்துக் குழியில் இருந்த ஒரு தாத்தா பொறுக்க முடியாமல் எழுந்து வந்து என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக் காட்டிக்கொடுத்தார். அவர் காட்டியது இதுதான்: இரண்டு மூன்று அங்குலத் தடிமனுள்ள பாளத்தை எடுத்துச் செங்குத்தாக நிறுத்துங்கள், முழங்கால்களுக்கு நடுவிலோ தரையிலோ. அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள், மெல்லிய கோடுகள் ஓடும், அவைதான் அடுக்குகள், ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் கடலடி. அந்தக் கோட்டின்மேல் சுத்தியலின் உளி வாயை வைத்து லேசாகத் தட்டுங்கள். கொஞ்சம் தள்ளி மறுபடி, திருப்பிப் பிடித்து மறுபுறம். அடிப்பதில்லை, தட்டுவது. நாலைந்து தட்டில் ஒரு மயிரிழை விரிசல் ஓடும், அதில் உளியை நுழைத்து அழுத்தினால் வாழைப்பட்டை உரிவதுபோல இரண்டாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொன்றையும் மறுபடி பாதியாக. கால் அங்குலத் தகடு ஆகும்வரை போகலாம்.

எந்தப் பாளத்தை எடுப்பது என்பதற்குக் காதும் வேண்டும். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி தட்டினால் கணீரென்று கேட்பது உடையாத நல்ல பாளம், சொத்தென்று கேட்டால் உள்ளே ஏற்கெனவே குறுக்கு விரிசல் இருக்கிறது, அது அடுக்கோடு பிரியாது, கண்டபடி நொறுங்கும். மேலே வெயிலில் வெளிறிப்போன கல்லைவிட, ஓரிரு அடி ஆழத்தில் சற்று ஈரத்தோடு இருக்கும் கல் ஒழுங்காகப் பிரிகிறது. ஒரு தகட்டில் ஒன்று கிடைத்துவிட்டால் இடத்தை மாற்றாதீர்கள். எல்ரேத்தியா சில அடுக்குகளில் கூட்டமாகக் கிடக்கும், அடுத்த அடுக்கில் ஒன்றுகூட இருக்காது. கிடைத்த அடுக்கை அடையாளம் வைத்து அதே கோட்டில் பக்கவாட்டில் தோண்டிக்கொண்டே போங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக எட்டுக் குழி போட்ட நாள்களில் எனக்குக் கிடைத்தது, ஒரே குழியில் உட்கார்ந்த நாளில் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

பாளம் திறந்தவுடன் அசையாமல் இருங்கள். அடிப்பக்கம் கால்சைட் தடித்திருக்கும் என்றேனே, அதனால் எல்ரேத்தியா பல சமயம் கல்லைவிட்டுத் தானே கழன்று முழுசாகக் கீழே விழுந்துவிடும். உங்கள் கண் கையிலிருக்கும் கல்லில் இருக்கும், சாமான் உங்கள் காலடிப் பொடியில் கிடக்கும். அப்புறம் இரண்டு முகங்களையும் பாருங்கள், ஒன்றில் உடல் இருந்தால் மற்றதில் அதன் குழிந்த அச்சு இருக்கும், இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் படிகத் திட்டாக, வரி எதுவும் தெரியாமல் ஒரு புடைப்பு இருந்தால் குப்பை என்று எறியாதீர்கள், அது குப்புறக் கிடக்கும் டிரைலோபைட்டின் வயிறாக இருக்கலாம், மறுபக்கம்தான் முதுகு. காலையும் மாலையும் வெயில் சாய்ந்து விழும்போது சின்ன மேடுபள்ளமும் நிழல் காட்டும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல், அப்போது சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம்.

கன்னப் பகுதி இல்லாத தலைகள், தனி வால்கள் நிறையக் கிடைக்கும். உடைத்துவிட்டோம் என்று வருந்த வேண்டாம், அவற்றில் பல சட்டை. நண்டும் இறாலும் போல டிரைலோபைட்டும் ஓடு உரித்து வளர்ந்தது, தலையில் இருக்கும் ஒரு பொருத்துக் கோட்டில் பிரிந்து கன்னங்கள் தனியே கழன்றுவிடும். ஒரே பிராணி வாழ்நாளில் பல ஓடுகளை விட்டுப்போயிருக்கும், செத்தது ஒருமுறைதானே. எல்ரேத்தியாவைவிடப் பெரிதாக, வழவழவென்று அகன்ற வாலோடு கிடைத்தால் அது அசாஃபிஸ்கஸ் வீலரி. பச்சைப்பயறு அளவில் இரண்டு பொத்தான்களை ஒட்டினாற்போல், தலை எது வால் எது என்றே தெரியாமல், நடுவில் இரண்டே வளையத்தோடு இருந்தால் பெரோனோப்சிஸ், இப்போது இடாக்னோஸ்டஸ் என்று பெயரை மாற்றிவிட்டார்கள். அதற்குக் கண்ணே கிடையாது.

அந்தப் பயறு சைஸ் ஆட்களைக் கண்டுபிடிப்பதில் எங்கள் வீட்டு நிபுணர் என் மாமியார். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது, தனியாக வீட்டில் விடுவானேன் என்று குவாரிக்குக் கூட்டிப்போனோம். சுத்தியலைத் தொடவே மாட்டேன் என்றவர் மடக்கு நாற்காலியைப் போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் உடைத்து எறிந்த கழிவு மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். அரிசியில் கல் பொறுக்கிப் பழகிய கண். இரண்டு மணி நேரத்தில் பதினேழு. “மாப்பிள்ளை, இது ரயில்பூச்சிதானே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்றார். விஷயம் என்னவென்றால், பழைய கழிவு மேடுகளில் மழையும் பனியும் கல்லைக் கரைத்து, தடித்த எல்ரேத்தியாக்களைத் தனியாக உதிர்த்து வைத்திருக்கும். முதுகுவலிக்காரர்களும் குழந்தைகளும் அங்கே தொடங்குவது நல்லது.

கல்லில் பாதி மூடியிருக்கும் டிரைலோபைட்டை அங்கேயே தோண்டி வெளியே எடுக்கப் பார்க்காதீர்கள். ஆசை இழுக்கும். கத்தி நுனியை வைப்பீர்கள், மூக்கு போய்விடும். சுற்றிலும் நாலு விரற்கடை கல்லோடு அப்படியே எடுத்து வாருங்கள், அதிகக் கல்லை வீட்டில் ரம்பம் வைத்து அறுத்துக்கொள்ளலாம். இரண்டாக உடைந்துவிட்டால் பதற வேண்டாம், துண்டுகளை ஒன்றாகவே சுற்றுங்கள், வீட்டில் நீர்த்த சூப்பர் க்ளூ ஒரு சொட்டில் ஒட்டிவிடும், அங்கே காற்றிலும் தூசியிலும் ஒட்டினால் கோணலாகத்தான் ஒட்டும். உதிரிகள் முட்டை அட்டைக் குழிக்கு ஒன்றாக. கல்லோடு இருப்பவற்றை முகத்தோடு முகம் உரசாமல் டாய்லெட் பேப்பரில் சுற்றி, மேலே செய்தித்தாள், பெட்டியில் செங்குத்தாக நிறுத்தி அடுக்குங்கள். படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால்தான் என் முதல் வாளி தூளானது, இருபது மைல் மண் சாலை அரைத்துக் கொடுத்துவிட்டது.

சுற்றும்போதே எழுதுங்கள், அன்று ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுத மாட்டீர்கள். கல்லின் பின்புறம் மார்க்கரால் ஒரு எண், நோட்டில் அதே எண்ணுக்கு நேரே தேதி, ஜிபிஎஸ் குறி, குழியின் மேல்மட்டத்திலிருந்து எத்தனை அடி கீழே, பக்கத்தில் வேறென்ன இருந்தது. விலைக்கு வாங்கினால் சாதாரண எல்ரேத்தியா சில டாலர்தான், இடம் தெரியாத எல்ரேத்தியா அந்தச் சில டாலர் பொருள்தான். இடமும் அடுக்கும் எழுதியிருந்தால் அது ஆராய்ச்சிக்கு உதவும். யூட்டாவில் குந்தர் குடும்பம் என்று, தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லாத சேகரிப்பாளர்கள், பல பத்தாண்டுகள் இந்த மலைகளில் தோண்டி, அபூர்வமானவற்றைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தார்கள். குந்தரி என்று முடியும் இனப்பெயர்களை எங்காவது பார்த்தால் அது அவர்களுக்கான மரியாதை. வீலர் படிவத்தில் ஓடு இல்லாத மெல்லுடல் உயிர்களின் படிவங்களும் எப்போதாவது வரும், பழுப்போ கறுப்போ சாயம் தேய்த்த மாதிரி, புழு போலவோ கடற்பஞ்சு போலவோ. அதைத் துடைக்காதீர்கள், தண்ணீர் காட்டாதீர்கள், படம் எடுத்துப் பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் துறைக்கு அனுப்பிக் கேளுங்கள்.

அதே சமயம் வித்தியாசமாகத் தெரிவதெல்லாம் அதிசயமும் இல்லை. 1968-ல் இந்தப் பக்கத்திலேயே ஒருவர், செருப்புக் காலால் டிரைலோபைட்டை மிதித்த தடம் என்று ஒரு கல்லைக் கொண்டுவந்து பெரிய பரபரப்பு ஆனது. ஷேல் இயற்கையாகவே வட்டமாகச் செதில் பெயரும், அது குதிகால் மாதிரி தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்க உடைத்தால் உங்களுக்கும் ரெண்டு செருப்பு கிடைக்கும்.

வீட்டில் சுத்தம் செய்ய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷும் கொஞ்சம் தண்ணீரும் போதும். ஊறப்போடாதீர்கள், களிப்பாறை ஊறினால் உதிரும். ஒட்டியிருக்கும் கல்லை நீக்க, பிடியில் செருகிய தையல் ஊசி, லென்ஸ், நல்ல விளக்கு. ஓட்டை நோக்கிக் குத்தாமல் ஓட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சுரண்டுங்கள், ஒரு டிரைலோபைட்டுக்கு ஒரு மாலை ஆகட்டும். வார்னிஷ் அடித்துப் பளபளக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, சிலர் செய்கிறார்கள். ஆனால் வினிகர், எலுமிச்சை போன்ற புளிப்பு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, ஓடும் அடியிலிருக்கும் கால்சைட்டும் சுண்ணாம்புச் சாதி, அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும்.

இதைச் சொல்லக் காரணம், மாமியார் தன் பதினேழில் நல்லதாக ஒன்றைக் குங்குமச் சிமிழில் வைத்து ஊருக்கு எடுத்துப்போனார், அடியில் இடமும் தேதியும் எழுதிய சீட்டை மடித்து வைத்து அனுப்பினேன். போன மாதம் ஃபோனில், குத்துவிளக்கு தேய்க்கும்போது இதையும் கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்து வைக்கலாமா, மங்கலாக இருக்கிறதே என்றார். நான் கத்திய கத்தில் என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டாள். தேய்க்கவில்லை, இன்னும் சிமிழிலேயேதான் இருக்கிறது, சீட்டோடு.